நடுக்க டாக்டரம்மா

மேகம் கறுத்தால் எங்கள் டாக்டரம்மா முதலில் செய்கிற காரியம், காதில் கிடக்கிற கம்மலைக் கழற்றி மேசை டிராயரில் போடுவது. பிறகு கைக்கடிகாரம். பிறகு கழுத்தில் தொங்குகிற ஸ்டெதாஸ்கோப்பையும் எடுத்துத் தள்ளி வைத்துவிடுவார். ஐப்பசியில் ஒருநாள் இடி ஓயாமல் இடிக்க, மூச்சுத் திணறலோடு வந்த ஒரு கிழவியின் முதுகில் காதை ஒட்டிவைத்துக் கேட்டே மருந்து எழுதினார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன்.

"சிரிக்காதீங்க சிஸ்டர். கரிசக்காட்டுல இடி எங்க எறங்கும்னு யாரு கண்டா?"

எங்கள் ஊரின் பெயர் வேண்டாம். கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அங்கே உள்ள அரசு ஆஸ்பத்திரியில் நான் ஸ்டாஃப் நர்ஸ். டாக்டரம்மாவின் பெயரையும் நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் அதற்கும் பயப்படுவார்.

நாய்க்குப் பயம், தெரியாத நம்பரிலிருந்து வரும் போனுக்குப் பயம், வேகமாகப் போகிற பஸ்ஸுக்குப் பயம். நாற்காலியில் உட்காருமுன் குனிந்து அடியில் பார்ப்பார். போன் அடித்தால், "நீங்க எடுங்க சிஸ்டர்" என்று என் கையில் திணிப்பார். பேசுகிறவர் யார் என்று நான் சொல்லும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். எல்லாவற்றையும்விடப் பெரிய பயம், தான் எழுதுவதில் தப்பு வந்துவிடுமோ என்பது. ஒவ்வொரு சீட்டையும் மூன்று தடவை வாசிப்பார். "எனக்குப் பயமா இருக்கு சிஸ்டர், இன்னொரு தடவ பாத்துருவோமா?" இதை நான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன்.

ஒருநாள் வலிப்பு வந்த பிள்ளைக்கு மருந்து எழுதி அனுப்பிவிட்டு, கால் மணி நேரம் கழித்து எழுந்து நின்றுவிட்டார். மாத்திரை அரைதான் எழுதினேனா, முழுசா எழுதிவிட்டேனா என்று சந்தேகம். யாரிடமும் சொல்லாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். விளாத்திகுளம் பஸ் கிளம்பி நகர்ந்துவிட்டது. பஸ்ஸைக் கண்டாலே பயப்படுகிற மனுஷி, அதன் குறுக்கே போய்க் கையை நீட்டி நின்றிருக்கிறார். டிரைவர் பிரேக் போட்டு வைதிருக்கிறார். ஏறி, அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் சீட்டை வாங்கிப் பார்த்தால் சரியாகத்தான் எழுதியிருந்தது.

"என்னம்மா, எல்லாம் சரியாத்தான இருக்கு?" என்று டிரைவர் கேட்டாராம்.

"சரியாத்தான் இருக்கு. நீங்க போங்க."

அன்றிலிருந்து ஊரில் அவருக்கு நடுக்க டாக்டர் என்று பெயர். நான்கூட ஒருதடவை கேட்டேன், "முன்னால எங்கயும் ஏதும் தப்பு நடந்துட்டாம்மா, இப்படிப் பயப்படுதீங்க?" என்று.

யோசித்தார். "நடக்கல சிஸ்டர். நடந்துருமோன்னுதான்."

*

அந்த வருடம் எங்கள் ஊர்த் திருவிழா ஊர்வலத்தில் குண்டு வெடித்தது. பகல் பதினோரு மணி. டீக்கடை பெஞ்சுக்கு அடியில் டிபன் பாக்ஸில் வைத்திருந்தார்கள். பலருக்குக் காயம், மூன்று பேர் செத்துப்போனார்கள். அதில் ஒருவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். வண்டியை ஓரங்கட்டிவிட்டு டீ குடிக்க இறங்கியவர். அவர் மனைவி வண்டிக்குள் இருந்ததால் பிழைத்தாள். கண்ணாடி தெறித்து அவளுடைய இடது கெண்டைக்காலைக் கிழித்துவிட்டது. புருஷனை ஒரு கட்டிலிலும் அவளை அடுத்த கட்டிலிலும் கிடத்தினோம். டாக்டரம்மாவின் கை நடுங்கியது. நடுக்கத்தோடு ரத்தத்தை நிறுத்தினார், நடுக்கத்தோடு தைத்தார். ஆனால் ஒரு தையல்கூடக் கோணவில்லை. அந்த டிரைவர் அவர் கைக்குள்ளேயே உயிரை விட்டார்.

எந்தச் சாமியின் பெயரைச் சொல்லி அதை வைத்தார்கள் என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களை எல்லாம் நீங்கள் ஒரு பார்வை பார்ப்பீர்கள். எங்கள் ஊர் அப்படித்தான் பார்த்தது. பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஆஸ்பத்திரிக்கு அந்தச் சனங்கள் வருவது குறைந்தது. காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒருத்தி, சீட்டு எழுத நான் பெயர் கேட்டபோது பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். மற்றவர்களுக்கு வேறு பயம். கேட்பாரற்றுக் கிடக்கிற பை, பாத்திரம், சாக்கு எதைப் பார்த்தாலும் ஓடினார்கள். எனக்கும்தான். கத்தரிக்கோல், இடுக்கி வேகவைக்கிற பாத்திரத்தின் மூடி கீழே விழுந்த சத்தத்துக்கு வார்டே எழுந்து உட்கார்ந்தது.

குண்டில் இருந்தது தீக்குச்சி மருந்து என்று சொன்னார்கள். தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்கிற தொழிற்சாலைகளுக்கா எங்கள் பக்கம் பஞ்சம்? விசாரிக்க வெளியூரிலிருந்து ஒரு தனிப்படை வந்திருந்தது. அவர்கள் ஒரு தீப்பெட்டி ஆபீசில் மருந்து அறைக்குப் பொறுப்பாக இருந்தவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அறையில் இருப்பு குறைந்திருந்தது. அவர் அந்தச் சாமியைக் கும்பிடுகிறவர். அது போதுமானதாக இருந்தது.

ஐந்தாம் நாள் காலையில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்துமுன் டாக்டர் பார்த்து, காயம் இருக்கிறதா இல்லையா என்று ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவுப் புத்தகத்தில் எழுதித் தரவேண்டும். போலீஸ் கேஸ் எதுவானாலும் அந்தப் புத்தகத்தில் ஏற வேண்டும். அதன் நகலை மாஜிஸ்திரேட் பார்ப்பார். இரண்டு போலீஸ்காரர்கள் அவரைக் கைத்தாங்கலாக நடத்தி வந்தார்கள். பாதத்தின் வெளிப்பக்கத்தை ஊன்றி நடந்தார். தனிப்படை அதிகாரி முன்னால் வந்து உட்கார்ந்தார். சத்தம் போடுகிறவர் இல்லை, மெதுவாகப் பேசுகிறவர்.

"காயம் ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுங்க டாக்டர். கோர்ட்டுக்கு நேரமாகுது."

"சட்டையக் கழட்டச் சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.

"குளியலறையில வழுக்கி விழுந்துட்டான். அவ்வளவுதான்."

"பாத்துட்டு எழுதுதேன்."

நான்தான் சட்டையைக் கழற்ற உதவினேன். துணி முதுகில் ஒட்டியிருந்தது. உள்ளங்கால் இரண்டும் வீங்கி, கன்றி, கறுத்த கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. நான் தொடுமுன்னே அந்த மனிதரின் உடம்பு சுருங்கியது.

டாக்டரம்மா டேப்பை எடுத்து அளக்க ஆரம்பித்தார். அதிகாரி எழுந்து பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்த மூணு பேரையும் உங்க டேபிள்லதானே போட்டாங்க?"

"ஆமா."

"அதப் பாத்துட்டும் இவனுக்காகவா டேப் வச்சு அளக்கிறீங்க? இவங்க சாதாரணத் திருடன் இல்ல. சாமிக்காகச் செய்யிறோம்னு நம்புறவங்க. தண்டனைக்குப் பயப்பட மாட்டாங்க. இவங்ககிட்டப் போய் சட்டம், மரியாதைன்னு உக்காந்திருந்தா, அடுத்த குண்டு எங்க இருக்குன்னு யாரு சொல்லுவா? நாளைக்கு உங்க ஆஸ்பத்திரி வாசல்லயே வெடிச்சா?"

அவர் பொய்யாகப் பயமுறுத்தவில்லை. அவர் கண்ணும் தூங்காமல் சிவந்திருந்தது. டாக்டரம்மா வாசலைத் திரும்பிப் பார்த்தார். மருந்து வாங்க நிற்கிற கூட்டம். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். டேப் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

"இவரு சொன்னாரா, எங்க இருக்குன்னு?"

"சொன்னான். மூணு எடம் சொன்னான்."

"அங்கன கெடச்சுதா?"

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டாக்டரம்மா குனிந்து டேப்பை எடுத்தார்.

"நீங்க இதை எழுதினா மாஜிஸ்திரேட் எங்கள கேள்வி கேப்பாரு. இவன எங்க கஸ்டடிக்குத் தர மாட்டாரு. அதுக்கப்புறம் எங்கயாவது வெடிச்சா, அந்தச் சாவு உங்க தலையிலதான்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். உதடு காய்ந்திருந்தது. "எனக்குப் பயமா இருக்கு சிஸ்டர். இன்னொரு தடவ பாத்துருவோம்" என்றார்.

முதலிலிருந்து எல்லாவற்றையும் இன்னொரு தடவை அளந்தோம். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். எங்கே, எவ்வளவு நீளம், என்ன நிறம், எத்தனை நாள் ஆன காயம். யார் அடித்தார்கள் என்று எழுதவில்லை. மூன்று தடவை வாசித்தார். எழுத்து முழுவதும் நடுங்கியிருந்தது. ஆனால் எல்லாம் வாசிக்கிற மாதிரி இருந்தது.

அவர்கள் போனபிறகு கழிவறைக்குள் போய் வாந்தி எடுத்தார்.

*

மாஜிஸ்திரேட் அந்த நகலைப் பார்த்துவிட்டு மருந்து அறைக்காரரைத் திரும்பப் போலீஸ் கையில் கொடுக்கவில்லை. சிறையில் வைக்கச் சொல்லி, அங்கே வைத்தியம் பார்க்கவும் உத்தரவு போட்டார். அன்று சாயங்காலமே ஊரில் போன்களில் ஒரு குரல்பதிவு ஓட ஆரம்பித்தது: நம்ம ஊர் ரத்தத்தைக் குடித்தவனுக்கு நம்ம ஆஸ்பத்திரியிலேயே ஒரு டாக்டர் ஏவல் செய்கிறாள், அவளுக்கு என்ன கிடைத்ததோ, என்று. யார் பேசியது என்று தெரியவில்லை. நாலைந்து நாளில் எல்லாருக்கும் வந்துவிட்டது. டாக்டரம்மா குடியிருந்த வீட்டுக்காரர் வீட்டைக் காலி பண்ணித் தரச் சொன்னார். வழக்கமாக வருகிற ஆட்டோக்காரர் வருவதை நிறுத்தினார். மதியம் டிபன் பாக்ஸைத் திறக்குமுன் டாக்டரம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் திறக்கவே இல்லை. நான்தான் எட்டி நின்று கண்ணை மூடிக்கொண்டு திறந்தேன். உள்ளே எலுமிச்சஞ்சாதம்.

இரண்டு பக்கமும் பயம் என்பதை அப்போதுதான் பார்த்தேன். குண்டு வைத்தவன் எங்கேயோ வெளியே திரிகிறான் என்ற பயம் ஒன்று. அவனைப் பிடிக்கிறோம் என்று சொல்லி வருகிறவர்களைப் பார்க்கிற பயம் இன்னொன்று.

அந்தப் பயம் என் வீட்டுக்கும் வந்தது. தனிப்படையிலிருந்து ஒருவர் என்னைக் கூப்பிட்டு, ஒரு வாக்குமூலத்தைக் காட்டினார். டாக்டர் அந்த ஆளைச் சரியாகப் பரிசோதிக்காமல், அவன் சொன்னதைக் கேட்டு எழுதினார் என்று அதில் இருந்தது. பக்கத்தில் இருந்தவள் என்கிற முறையில் நான் கையெழுத்துப் போட வேண்டும். ஒருநாள் அவகாசம் கேட்டுவிட்டு வந்தேன். என் வீட்டுக்காரர் மணியாச்சியில் ரயில்வே வேலை பார்க்கிறவர். விஷயத்தைக் கேட்டதும் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டார்.

"ஏட்டி, பேசாம போட்டுக் குடுத்துட்டு வா. தீவிரவாதி கேசு. நாளைக்கு உன்னையும் உள்ள வச்சான்னா யாரு கேப்பா? பிள்ளைய ரெண்டும் என்ன செய்யும்?"

"அந்த ஆளு முதுக நான் பாத்தேன்."

"பாத்தத மறந்துரு. எல்லாரும் அப்படித்தான் இருக்காவ."

போட்டுவிடுவது என்றுதான் முடிவு பண்ணினேன். உண்மையைச் சொல்லுகிறேன். சொல்லாமல் செய்ய மனசு வராததால் காலையில் டாக்டரம்மாவிடம் போய் நின்றேன். அவர் கோபப்படுவார், அந்தக் கோபத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு போட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன் போல.

"போட்ருங்க சிஸ்டர்" என்றார். "ஒங்களுக்குப் பிள்ளைய இருக்கு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். பயம்னா என்னன்னு எனக்குத் தெரியாதா?"

"நீங்க மட்டும் பயந்துக்கிட்டே எழுதிட்டீங்களேம்மா."

"எழுதாம விட்டிருந்தா இதவிடப் பயமா இருக்கும் சிஸ்டர். அவ்வளவுதான். நான் என்ன தைரியசாலியா?"

அவர் என்னைத் திட்டியிருந்தால் போட்டிருப்பேன். போடவில்லை. அதற்குப் பிறகு பத்து நாள் வாசலில் ஜீப் சத்தம் கேட்டால் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன்.

*

குண்டு வைத்தவன் தானாகவே வந்து சேர்ந்தான். விளாத்திகுளம் பக்கம் மிளகாய்க் காட்டுக்குள் ஒரு கொட்டகையில் அடுத்ததைச் செய்துகொண்டிருந்தபோது கையிலேயே வெடித்துவிட்டது. உள்ளூர்ப் போலீஸ்காரர்கள் அவனைத் துணியில் சுற்றி எங்களிடம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வலது கையில் மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை. முகத்தில் பாதி வெந்திருந்தது. முப்பது வயசுகூட இருக்காது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புமுன் ரத்தத்தை நிறுத்தியாக வேண்டும்.

அன்று காலில் கட்டு மாற்ற அந்த லோடு ஆட்டோ டிரைவரின் மனைவி வந்திருந்தாள். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். யாரைக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று வெளியே இரைச்சல் எழுந்தபோது அவளுக்கும் தெரிந்துவிட்டது. அவள் எழுந்திருக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

டாக்டரம்மா ரத்தக்குழாயைப் பிடித்துக் கட்டினார். அவன் நினைவோடுதான் இருந்தான். தண்ணீர் கேட்டான். ஆபரேஷனுக்குப் போகிறவனுக்குக் குடிக்கத் தரக்கூடாது. டாக்டரம்மா பஞ்சைத் தண்ணீரில் முக்கி அவன் உதட்டை நனைத்தார். பிறகு குனிந்து கேட்டார்.

"வேற எங்கயாவது வச்சிருக்கியா? சொல்லிருப்பா. எனக்குப் பயமா இருக்கு."

அவன் வேகாத பாதி முகத்தால் சிரித்தான். "பயப்படணும். அதுக்குத்தான வச்சது" என்றான்.

அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. கால் கிழிந்த பெண்ணையும் பார்த்துத்தான் சிரித்தான்.

தனிப்படை அதிகாரி ஓடிவந்தார். கதவருகே நின்றார். அவனை அங்கேயே அடித்துக் கொன்றிருந்தால் வெளியே நின்ற கூட்டம் அவரைத் தோளில் தூக்கியிருக்கும். நானும் ஒரு நிமிஷம் அதை ஆசைப்பட்டேன், கர்த்தர் மன்னிக்கட்டும். அதிகாரி டாக்டரம்மாவைப் பார்த்தார், மேசைமேல் இருந்த ஏ.ஆர். புத்தகத்தைப் பார்த்தார், தன் ஆட்களைப் பார்த்து, "யாரும் அவனத் தொடக்கூடாது" என்றார். டாக்டரம்மா அவனுடைய ஒவ்வொரு காயத்தையும் அளந்து எழுதினார். எல்லாம் வெடியால் வந்தவை, அடித்த அடையாளம் உடம்பில் எங்கும் இல்லை என்றும் எழுதினார். மூன்று தடவை வாசித்தார்.

மீதி வெடிமருந்தைக் கொட்டகையிலேயே கண்டெடுத்தார்கள். அது எங்கள் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸ் சரக்கே இல்லை. மருந்து அறைக்காரரைப் பிறகு விட்டுவிட்டார்கள். வேலை போய், சங்கரன்கோவில் பக்கம் தங்கச்சி வீட்டோடு போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். டாக்டரம்மாவைப் பார்க்க அவர் வரவே இல்லை. அந்த வாசலை அவர் எப்படி மிதிப்பார்?

டாக்டரம்மாவையும் அந்த வருடமே மாற்றிவிட்டார்கள்.

*

நாலு வருடம் கழித்து வழக்கு விசாரணைக்கு வந்தது. எனக்கும் சாட்சி சம்மன். கோர்ட்டில் டாக்டரம்மாவைப் பார்த்தேன், இளைத்திருந்தார். சாட்சி பெஞ்சில் உட்காருமுன் குனிந்து அடியில் பார்த்துக்கொண்டார்.

குண்டு வைத்தவன் தரப்பு வக்கீல் சொன்னது இதுதான்: அவன் ஒரு பாவமும் அறியாதவன். போலீஸ் பிடித்துவைத்துச் சித்திரவதை செய்து, கையில் வெடியைக் கொடுத்து வெடிக்கவைத்து, பழியைப் போட்டுவிட்டது. அந்தத் தனிப்படை செய்கிற காரியம் ஊருக்கே தெரியுமே!

"டாக்டர், உங்களுக்குப் போலீஸ்னா பயம், இல்லையா?" என்று கேட்டார்.

"ஆமா, பயம்தான்."

"அப்போ அவங்க சொன்னபடி எழுதிக் குடுத்தீங்க?"

"இல்ல."

"அத எப்படி நாங்க நம்புறது?"

டாக்டரம்மாவுக்கு வாய் திக்கியது. அரசு வக்கீல் எழுந்து ஒரு தாளை நீட்டினார். மருந்து அறைக்காரருக்கு டாக்டரம்மா எழுதின அந்தப் பழைய நகல். அதைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து வக்கீல் கையில் கொடுத்தது அந்தத் தனிப்படை அதிகாரிதான். பின்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். நீதிபதி இரண்டு தாளையும் அருகருகே வைத்து வெகுநேரம் வாசித்தார். போலீஸ் அடித்தபோது அடித்தார்கள் என்று தெரிகிற மாதிரி எழுதிய கை, அடிக்காதபோது அடிக்கவில்லை என்று எழுதினால் நம்பத்தான் வேண்டும் என்று தீர்ப்பில் சொன்னார். அவனுக்கு ஆயுள் தண்டனை. மருந்து அறைக்காரரின் உள்ளங்காலுக்காக எந்த அதிகாரிக்கும் எந்தத் தண்டனையும் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

தீர்ப்பு கேட்க நானும் டாக்டரம்மாவும் போயிருந்தோம். வெளியே வந்தபோது அந்த டிரைவரின் மனைவி வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நொண்டியபடி எங்களிடம் வந்தாள். டாக்டரம்மா என் முழங்கையைப் பற்றினார். அவர் விரல் சில்லென்று இருந்தது.

"நீங்க எழுதுனதாலதான் அவன் தப்பிக்கலன்னு வக்கீலய்யா சொன்னாவ" என்றாள் அவள். "எனக்குப் புரியுது டாக்டரம்மா. நீங்க செஞ்சது சரிதான்."

டாக்டரம்மா தலையாட்டினார்.

"ஆனா அன்னைக்கு அவன் வாயில தண்ணி தொட்டு வச்சீயளே. எம் புருசன் செத்துக்கிட்டு இருக்கையில தண்ணி தண்ணின்னாவ. குடுக்கக்கூடாதுன்னு சொல்லிட்டீய. அவியளுக்கு ஒதட்டையாவது நனைச்சிருக்கலாமில்லா?"

டாக்டரம்மா வாயைத் திறந்தார். அன்று ஒரே நேரத்தில் பதினாறு பேர் தரையில் கிடந்தார்கள், இரண்டு கைதான் இருந்தது என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"ஆமா" என்றார் அவர். "நனைச்சிருக்கலாம். நான் மறந்துட்டேன்."

அவள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள். டாக்டரம்மா அவள் கண்ணை விட்டு மறைகிற வரைக்கும் என் கையை விடவில்லை.